மோட்டார் சைக்கிளால் விழுந்தவர்களும் நானும்

எங்களுடைய தொழிலில் ஒரு வசதி உண்டு: வருகிறவர்கள் ஒருவரும் விருப்பத்தோடு வருவதில்லை, ஆனால் கால் கட்டோடு வருவதால் ஓடித் தப்பவும் ஏலாது.

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் பிசியோதெரபி செய்கிறவள். முறிந்த எலும்பை டொக்டர்மார் பொருத்திவிடுவார்கள். பிறகு அந்தக் கையை உயர்த்த வைப்பதும் காலை ஊன்ற வைப்பதும் என் பாடு. அநேகம் பேர் மோட்டார் சைக்கிளால் விழுந்தவர்கள். மாடு குறுக்கே வந்தது, மண்ணில் சில்லு சறுக்கியது, ஃபோன் அடித்தது என்று ஆளுக்கொரு காரணம். இதை வாசிக்கிற நீங்களும் விழுந்து எழும்பியவர் என்றால், என்னைப்போல ஒருத்தியைக் கட்டாயம் மனதுக்குள் ஏசியிருப்பீர்கள். பரவாயில்லை, எங்களுக்குப் பழக்கம்.

முழங்காலுக்கு விளங்காத செபம்

சில்வெஸ்டர் அண்ணை குருநகரில் கடற்றொழில் செய்கிறவர். மாட்டை விலத்தப் போய் மதிலோடு மோதிக் காலை முறித்துக்கொண்டார். எலும்பு ஒட்டிவிட்டது, முழங்கால் மட்டும் மடியமாட்டேன் என்றது. வள்ளத்தில் குந்தியிருந்து வலை இழுக்கிற மனிசனுக்குக் கால் மடியாவிட்டால் தொழிலே இல்லை. ஆனால் நான் மடிக்கப் போனால் என் கையை இறுக்கிப் பிடித்துவிடுவார்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அவர் மாதாவுக்கு ஒரு செபம் சொல்லி முடிக்கும்வரை நான் மடித்துப் பிடிப்பேன், முடிந்ததும் விடுவேன். நாள் போகப் போகச் செபம் அவசரமில்லாமல் ஆறுதலாய் வந்தது, காலும் மடிந்தது, இப்போது ஆள் கடலுக்குப் போகிறார். எனக்கு மறக்காதது முதல் நாள்தான். அவர் சொன்ன வேகத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இப்படிச் சொன்னால் மாதாவுக்கு எப்படி விளங்கும் என்று கேட்டேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மாதாவுக்கு விளங்கும், மிஸ். என்ரை முழங்காலுக்குத்தான் விளங்கேல்லை."

சாமியறைக்குப் போன ஹெல்மெட்

கஜன் தென்மராட்சிப் பொடியன். முன்னால் போன லொறி திடீரென்று நிற்க, அதில் மோதித் தூக்கி எறியப்பட்டான். கணுக்கால் முறிந்தது. தலை ரோட்டில் அடிபட்டும் வெடித்தது ஹெல்மெட் மட்டும்தான். அவனுடைய அம்மா அதைக் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டா. ஒருநாள் பையில் கொண்டுவந்து எனக்கும் காட்டினா. வெடிப்பை விரலால் ஒருதரம் தடவிவிட்டு, திரும்பவும் பைக்குள் பத்திரமாய் வைத்தா.

கணுக்கால் சுகமாகி, கஜன் புது ஹெல்மெட்டும் வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அடுத்த முறை பார்த்தால் பஸ்ஸால் இறங்கி வருகிறான். ஏன் என்று கேட்டேன். "அம்மா புதுசையும் சாமியறையிலை வைச்சுப் பூட்டிப்போட்டா, மிஸ். ஹெல்மெட் இல்லாமல் சைக்கிள் ஓடவும் விடமாட்டாவாம்."

பால் எடுக்கிற மகேந்திரன் அண்ணை

உடுப்பிட்டியில் விடியற்காலையில் வீடு வீடாய்ப் போய்ப் பால் சேர்க்கிறவர் மகேந்திரன் அண்ணை. மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கான் தொங்கும். வான் ஒன்று அடித்ததில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. பிறகு அவர் சுவரைப் பார்த்துப் படுத்தபடிதான். செயற்கைக் கால் வந்தபோதும் வேறு யாருடையதோ சப்பாத்தைப் போடுகிறவர்போலப் போட்டுக்கொண்டார். சொன்னதையெல்லாம் செய்தார், நடந்தார், முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. ஒருநாள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: கியர் மாற்றுவது இந்தக் காலால்தானே?

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில்தான் எனக்குப் பொறி தட்டியது. நான் ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டிக்குக் கியரே இல்லை. டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, மகேந்திரன் அண்ணை நன்றாக நடக்கப் பழகின பிறகு, ஆஸ்பத்திரி முற்றத்தில் அதில் ஏற்றினேன். மெதுவாய் ஒரு சுற்று வந்தார். அவருடைய மனுசி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தா. இரண்டாவது சுற்றில் அவ நின்றுவிட்டா. அவர் தனியாய்ச் சுற்றி வந்தார், அவ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தா.

பிறகு ஒருநாள் சொந்த ஸ்கூட்டியில், கானும் தானுமாய் வந்து நின்றார். ஊர்ச்சனம் என்ன சொல்லுமோ என்று யோசிக்கவில்லையா என்று கேட்டேன். "மாடு வைச்சிருக்கிற வீடுகளிலை எப்ப வாறாய் எண்டுதான் கேட்டவை, மிஸ். எத்தினை காலோடை வாறாய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

பின்னால் இருக்கிறவர்

சிவமலர் அக்காவும் புருசனும் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர்கள். ஸ்கூட்டி ஓடுவது அக்கா, பின்னால் இருப்பது அண்ணை. அவருக்கு ஓடத் தெரியாது. அக்கா தோளில் போட்டிருந்த சோல் பின் சில்லில் சிக்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். அண்ணைக்கு உரசல் காயம், அக்காவுக்கு மணிக்கட்டு முறிவு. கை சுகமாகியும் அவ ஸ்கூட்டியைத் தொடவில்லை. இனியாவது நீ ஓடப் பழகு என்று சொந்தக்காரர் அண்ணையை நெருக்கினார்கள். அவர் அசையவில்லை. அவ ஓடினால் பின்னால் ஏறுவேன், இல்லாவிட்டால் இரண்டு பேரும் நடப்போம் என்றுவிட்டார். நடந்தும்தான் வந்தார்கள், அந்த வெயிலில்.

ஒருநாள் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சோலை இடுப்போடு இறுக்கிக் கட்டி, தலையில் ஹெல்மெட்டோடு அக்கா. பின்னால் அதே மாதிரி ஹெல்மெட்டோடு அண்ணை, முகமெல்லாம் சிரிப்பு. அக்காவுக்கு மட்டும் கோபம். "இப்பிடி ஊர்ந்து போனால் வெங்காயம் முளைச்சுப்போடும் எண்டு பின்னாலை இருந்து சொல்லுறார், மிஸ். பிரேக் எங்கை இருக்கெண்டே தெரியாத மனிசன்."

தாலி கட்டுகிற கை

ரமணனுக்குக் கலியாணக் காட் அடித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மழை ரோட்டில் சறுக்கி விழுந்து தோள்மூட்டை முறித்துக்கொண்டு வந்தான். கட்டு அவிழ்த்தபோது கை நெஞ்சுக்கு மேலே உயரவில்லை. தாலி கட்ட இரண்டு கையும் உயர வேண்டுமே. சேலைன் தொங்கவிடுகிற கம்பியைப் பெண்ணாக வைத்து, அதன் கழுத்தில் நூல் கட்டிப் பழக்கினேன். பக்கத்துக் கட்டில்காரர் எல்லாரும் மாப்பிள்ளை வீட்டார் ஆகிவிட்டார்கள்.

மணப்பெண் தாரணி ஒருநாள் பார்க்க வந்தா. கை உயராவிட்டால் பரவாயில்லை, தான் குனிந்து கொடுப்பதாய்ச் சொன்னா. அது அவனுக்குச் சுட்டுவிட்டது. அன்றிலிருந்து நான் சொல்லாமலே பயிற்சி செய்தான். கலியாணத்துக்கு நானும் போனேன். மேளம் முழங்க அவன் கை உயர்ந்ததைக் கண்டு, ஐயருக்கு முதல் நான்தான் மூச்சு விட்டிருப்பேன். அறுகரிசி போட்டு வாழ்த்தப் போனபோது தாரணி என் காதுக்குள் சொன்னா: "நான் குனியேல்லை, கண்டனீங்களோ, மிஸ்? இனிமேல் குனியச் சொன்னால் உவரை உங்களிட்டைத்தான் திருப்பி அனுப்புவன்."

உங்களோடு கதைக்க எனக்கும் நல்ல விருப்பம்தான், ஆனால் சந்தை, கோயில், கலியாண வீடு என்று எத்தனையோ இடம் இருக்கும்போது, என்னுடைய அறைக்கு நொண்டிக்கொண்டு வந்துதான் கதைக்க வேண்டும் என்றில்லை.