உண்ணிச்செடி வழி

அந்த வழித்திட்டத்தை நான்கு தடவை திருத்தி எழுதினேன். ஒரு வரியில்கூடப் பொய் இருக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். படிக்கிறவருக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், நடக்கும்போது அவருக்கு நோக வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தேவை.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கரண்ட் பில் தகராறு என்று எது வந்தாலும் மர்பி டவுனில் எங்கள் சந்தே என்னைத் தேடி வரும். எழுதி வைத்ததுதான் நிற்கும், வாயால் சொன்னது நிற்காது என்று அந்தப் படிவங்களில்தான் கற்றுக்கொண்டேன். அதனால்தான் சார் எனக்குச் செய்தது அவ்வளவு உறைத்தது.

டிகிரி முடித்த கையோடு ஒரு பாறையேற்றக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய கிடங்குக்குள் மரப்பலகைச் சுவர் எழுப்பி, கலர் கலராகப் பிடிகளைத் திருகி வைத்திருப்பார்கள். கவுண்டரில் பெயர் பதிவது, வாடகை ஷூவுக்கு மருந்து அடிப்பது, இரவு மூடுமுன் சுவரைத் துடைப்பது என் வேலை. ஆள் இல்லாத மதியங்களில் நானும் ஏறிப் பார்த்தேன். இரண்டே வருடத்தில் காசு கட்டி வருகிறவர்களில் பாதிப் பேரைவிட நன்றாக ஏறினேன். அங்கே எல்லோரும் எல்லோரையும் 'ப்ரோ' என்பார்கள். அங்கே ஏற வருகிறவர்களில் மூத்தவர் ஒருவரை நான் மட்டும் 'சார்' என்றேன். அவரும் அதைத் திருத்தவில்லை.

கோலார் தங்கவயலில் அத்தை வீட்டுக்குப் போன ஒரு சமயம், பஸ் பிடித்து மாநில எல்லைப் பக்கம் போய், சும்மா ஒரு மேட்டில் ஏறினேன். மேலே மரமே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் இடுப்பளவுப் புல், ஓயாத காற்று, நடுவில் யாரோ கொட்டி வைத்த மாதிரி பாறைகள். கயிறு இல்லாமல் ஏறுகிற அளவு, இரண்டு ஆள் உயரம். விழுந்தால் தாங்குவதற்குக் கீழே தடித்த மெத்தை ஒன்று போட்டால் போதும். பேட் என்போம். மடித்து முதுகில் மாட்டிக்கொள்ளலாம், பீரோவைச் சுமப்பது போல இருக்கும்.

அதில் ஒரு கல்லை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை கம்பி பிரஷ்ஷோடு போய்ப் பாசியைச் சுரண்டினேன். கடைசிப் பிடி மட்டும் கைக்கு வரவில்லை. கல் கிழக்கே பார்த்தது. மதியம் இரண்டுக்குத்தான் அதன் முகத்தில் நிழல் விழும். சூட்டில் விரல் வழுக்கும், நிழல் வந்தால்தான் பிடிக்கும். டெக் பார்க்கில் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு இரண்டாவது ஷிப்ட் தொடங்குவதும் அதே இரண்டு மணிக்குத்தான். ஏறி முடித்ததும் அந்தக் கல்லுக்கு 'செகண்ட் ஷிப்ட்' என்று பெயர் வைப்பதாக இருந்தேன்.

பெயர் வைக்கும் உரிமை முதலில் ஏறியவருக்கு. ஆனால் கண்டுபிடித்துச் சுத்தம் செய்தவர் "எனக்கு வேண்டாம், நீங்க போங்க" என்று சொல்லும்வரை மற்றவர்கள் கை வைக்காமல் காத்திருப்பார்கள். எங்கும் எழுதி வைக்காத வழக்கம் இது.

பேட் வேண்டுமே என்று நான்தான் சாரை அழைத்துப் போனேன். மூன்றரை மணிக்குக் கேமரா பேட்டரியைக் காரிலேயே மறந்துவிட்டதாகச் சொல்லி, "தம்பி, ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துடேன்" என்றார். ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் கல்லின் உச்சியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே அவரோடு வந்த நண்பர்களின் கைதட்டல். ஏறுகிறவர்கள் பார்க்கும் ஆப்பில் அன்று மாலையே அது பதிவாகிவிட்டது. அவர் வைத்த இங்கிலீஷ் பெயர், முதலில் ஏறியவர் என்று அவர் பெயர், கடைசி வரியில் 'உள்ளூர் உதவி: ஒரு பையன்'.

பதினோரு மாதம் அந்த வரியைத் தினமும் திறந்து பார்த்தேன்.

இந்தப் பிப்ரவரியில் அவரே கவுண்டருக்கு வந்தார். "அந்தப் பெரிய கல்லு ஞாபகம் இருக்கா? அன்னிக்கு தூரத்துலேர்ந்து காட்டுனியே. புனேலேர்ந்து ரெண்டு பேர் கேமராவோட வர்றாங்க. ஃபுல் வீடியோ பண்றோம். வாக்-இன், அதான் நடந்து போற வழி, நீ பிளான் பண்ணிடு தம்பி, உனக்குத்தான் அந்த ஏரியா அத்துப்படி."

வாய் தவறிக் காட்டிய அந்த இரண்டாவது கல்லையும் நான்தான் சுரண்டியிருந்தேன். அதில் ஒவ்வொரு அசைவும் எனக்கு மனப்பாடம். பேட் இல்லாததால் உச்சிக்கு மட்டும் போகவில்லை. "பண்ணிடறேன் சார்" என்றேன். அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அந்தக் கல் இருப்பது பக்கத்து மேட்டில், சார் அங்கே போனதே இல்லை. அதற்கு இரண்டு வழி. ஒன்று கைவிட்ட குவாரியின் லாரிப் பாதை. மூன்று கிலோமீட்டர் சுற்று, ஆனால் கைவீசி நடக்கலாம். இன்னொன்று ஆட்டுப்பாதை. மேப்பில் பார்த்தால் நேர்கோடு, மொத்தமே ஒன்றரைக் கிலோமீட்டர். செயற்கைக்கோள் படத்தில் அங்கே பச்சையாகத் தெரிவதைப் புல் என்றுதான் நகரத்து ஆள் நினைப்பான். அது உண்ணிச்செடி. ஆடு நுழையும் உயரத்தில் சுரங்கம் மாதிரி போகும் முள். வெறும் உடம்போடு குனிந்து போனால் முக்கால் மணி நேரம். முதுகில் பேட் இருந்தால் மூன்று மணி நேரம்.

திட்டத்தில் இரண்டையும் எழுதினேன். முதல் பக்கத்தில் ஆட்டுப்பாதை, தூரத்தோடு. இரண்டாம் பக்கத்தில் குவாரிப் பாதை, 'அகலமானது, பேட் சுமக்க வசதி' என்ற குறிப்போடு. கல் கிழக்கு பார்த்தது, நிழல் இரண்டு மணிக்கு என்றும் எழுதினேன். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று எனக்குத் தெரியும். காலை முழுக்கக் கொதிக்கும் கல்லில் தேய்த்து விரல்தோலை உரித்துக்கொள்வார்கள். நான் ஒரு ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருப்பேன். நிழல் விழும்போது முழுத்தோலோடு இருப்பது நான் ஒருவன்தான். அவர் கேமரா முன்னாலேயே நான் ஏற வேண்டும்.

காலையில் தண்ணீர் பிடிக்கும்போது தங்கச்சி என் தோள்மேல் எட்டிப் பார்த்தாள். மெடிக்கல் கடையில் வேலை செய்கிறாள், எதைக் கண்டாலும் படித்துப் பார்ப்பாள்.

"இன்னாண்ணா, மறுபடியும் பரீட்சையா?"

"கல்லுக்கு வழி எழுதுறேன்."

"யாருக்கு? உன் கல்லத் திருடினானே, அந்தாளுக்கா? வெக்கமா இல்ல உனுக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். குடம் வழிவதைக்கூடக் கவனிக்காமல் சிரித்தாள். "என் புள்ள வாயில்லாப் பூச்சின்னு அம்மா தெருவெல்லாம் சொல்லினு கீது! மெத்தையத் தூக்கினு முள்ளுக்குள்ள போவானுங்களா? எனக்கு ஒரு போட்டோ எடுத்தாந்து குடு." குழாயை மூடியபின் சிரிப்பு நின்றது. "ஆனா மேல தண்ணி கெடைக்குமா?"

"கெடைக்காது."

"எவனாவது மயங்கி வுழுந்தா? அப்போ இன்னா பண்ணுவ, பிளான எடுத்துக் காட்டுவியா?"

அவள் போனபிறகு 'ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், கட்டாயம்' என்று கொட்டை எழுத்தில் சேர்த்தேன். யாரும் சாகக் கூடாது என்றுதான் சேர்த்தேன். நான்கு லிட்டர் என்றால் நான்கு கிலோ என்பதும் சேர்க்கும்போதே மனதில் ஓடியது.

சார் போனில் முதல் பக்கத்தை மட்டும் தள்ளிப் பார்த்தார்.

"ரெண்டாவது பக்கத்துல இன்னொரு வழி இருக்கு சார்."

"எதுக்குப்பா சுத்து? சின்னதே போதும். கல்லு ஈஸ்ட் ஃபேஸிங்கா? சக்கத், சூப்பர்! காலை வெயில்ல வீடியோ பிச்சிக்கும். ஏழு மணிக்கு நடக்க ஆரம்பிச்சிடலாம்."

"நிழல் ரெண்டு மணிக்குத்தான் வரும் சார்."

"நாம மெட்ராஸ் வெயில்லயா ஏறப்போறோம்? வுடு தம்பி."

இரண்டு தடவை சொல்லிவிட்டேன். எனக்கு அது போதும்.

அந்த ஞாயிறு ஏழு மணிக்கு வண்டியை நிறுத்தியதும் மூன்று பேட்களில் பெரியதை என் முதுகில் ஏற்றினார் சார். இதை நான் யோசித்திருக்க வேண்டும். கூலிக்கு வரும் ஆள்தான் பெரியதைச் சுமப்பான் என்பது திட்டத்தில் எழுதாமலே இருந்த வரி. அப்பாவின் பெயிண்ட் வேலைக் கையுறைகளை மாட்டிக்கொண்டேன்.

"என்னப்பா, குளிருதா?"

"பழக்கம் சார்."

முதல் வளைவிலேயே அவருடைய பேட் சிக்கியது. முன்னால் இழுத்தால் முள் கழுத்தில் ஏறும், பின்னால் வந்தால் காலில் ஏறும். கடைசியில் முட்டி போட்டுத் தவழ்ந்தார். புனேக்காரர்களில் ஒருவன் இந்தியில் யாரையோ திட்டிக்கொண்டே வந்தான். எனக்கும் காது கிழிந்தது, முழங்கை எரிந்தது. முன்னால் அவர் முனகுவது கேட்கும்போதெல்லாம் அந்த எரிச்சல் இதமாக இருந்தது. இப்படி எழுத எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் அது இதமாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு மேட்டில் வெளிப்பட்டோம். காற்று பேட்டைப் பிடித்துத் தள்ளியது. கல்லைப் பார்த்ததும் புனேக்காரன் எல்லா வலியையும் மறந்துவிட்டான். "இதை யார் கண்டுபிடிச்சது? முதல் முயற்சி அவருக்குத்தானே?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

சார் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார்: "இவன்தான். நம்ம பையன். அவனுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

மனதின் ஓரத்தில் கொஞ்சம் தயக்கம் மிச்சம் இருந்திருந்தால் அதுவும் அந்த நிமிடத்தோடு போனது. கல்லின் பின்பக்க நிழலில் கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.

நான்கு மணி நேரம் ஏறி ஏறி விழுந்தார்கள். பதினொன்றரைக்குப் புனேக்காரர்களின் விரல் நுனியெல்லாம் ரோஸாகிவிட்டது. சாருக்கு ஒன்று பிளந்து ரத்தம் வந்தது. டேப் ஒட்டினார், அது வழுக்கியது. "கொஞ்சம் நிழல் வரட்டுமா சார்?" என்றேன் ஒரு தடவை. கேட்காத மாதிரி மறுபடி கல்லில் கை வைத்தார்.

இரண்டு மணிக்கு நிழல் கல்லின் உச்சியிலிருந்து மெல்ல இறங்கியது. கையுறையைக் கழற்றினேன்.

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா?"

புனேக்காரன் கேமராவைத் தூக்கினான். சார் தலையை மட்டும் ஆட்டினார்.

ஏறத் தொடங்கிய பிறகுதான் திட்டத்தில் விட்டுப்போன ஒன்று உறைத்தது. பேட் எத்தனை இருந்தாலும், விழுகிறவனை அதன்மேல் திருப்பிவிடக் கீழே ஒரு ஆள் கை தூக்கி நிற்க வேண்டும். ஒருவன் கேமராவில், இன்னொருவன் ஓரத்தில் படுத்திருந்தான். மீதி இருந்தது சார்தான். கடைசிப் பிடிக்கு முன் இடது கால் நழுவியது. கண்கள் தானாகக் கீழே போயின. ரத்தம் கசியும் இரண்டு கைகளும் என் இடுப்புக்கு நேராக விரிந்திருந்தன. பேட்டைக் காலால் என் கீழே சரியாக நகர்த்திவிட்டு, "இருக்கேன், போ" என்றார். இந்த வேலையில் மட்டும் அவர் ஒருநாளும் தப்பு செய்ததில்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

போனேன். பிடி கைக்கு வந்தது. உச்சியில் புல் முளைத்திருந்த ஒரு குழியில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து 'செகண்ட் ஷிப்ட்' என்று கல்லின் பெயரைச் சொன்னேன். புனேக்காரன் மறுபடி கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் குறித்துக்கொண்டான்.

திரும்பும்போது யாரும் கேட்காமலே குவாரிப் பக்கம் திரும்பினேன். முள்ளுக்குள் இன்னொரு தடவை அழைத்துப் போக மனம் இருந்தது, தண்ணீர் தீர்ந்திருந்தது. மேட்டிலிருந்து இறங்கியதும் லாரிப் பாதை அகலமாக, வெறிச்சோடிக் கிடந்தது. சார் நின்றுவிட்டார்.

"இந்த ரோடு காலைல எங்க போச்சு தம்பி?"

"பிளான்ல இருக்கு சார். ரெண்டாவது பக்கம்."

அந்த இடத்திலேயே போனை எடுத்துப் படித்தார். இரண்டாம் பக்கம், பிறகு முதல் பக்கம், பிறகு தண்ணீர் வரி. நான் எழுதிய எதையும் அவர் முழுதாகப் படித்தது அதுதான் முதல் தடவை. படித்து முடித்து என் கையைப் பார்த்தார். கீறல் இல்லாத கை.

"நல்லா எழுதியிருக்க" என்றார்.

"தேங்க்ஸ் சார்."

பெரிய பேட் எங்கள் இருவருக்கும் நடுவே தரையில் கிடந்தது. நான் குனிவேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அவரே குனிந்து, வாரைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டார். அந்த ரோட்டில் பேட் அவ்வளவு கனக்காது. நான் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தேன்.