தம்பி கல்யாணத்தன்றே என் வீட்டு விசேஷம்

தம்பிக்கு முப்பத்தெட்டு வயதில்தான் பெண் அமைந்தது. எங்கள் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முன் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவனோடு இணைச்சீர்ச் சடங்குக்கு நிற்க வேண்டும். அவனுக்கு இருக்கிற ஒரே அக்கா நான். ஆனால் பெரியம்மா போனில், "கோவிச்சுக்காத கண்ணு, நீ தாலி அறுத்தவ. சித்தப்பன் மகளே சீருக்கு நிக்கட்டும்" என்றார். என் வீட்டுக்காரர் போய் நான்கு வருஷம் ஆகிறது. அவர் போனதும் நான் அக்கா இல்லை என்றாகிவிட்டதா? தம்பியும் தலையாட்டித்தான் இருப்பான் என்று அவன் நம்பரை அன்றே பிளாக் செய்தேன்.

சும்மா விடுவேனா? போத்தனூரில் மகன் கட்டிய வீட்டுக்குப் புதுமனைப் புகுவிழா வைக்க வேண்டியிருந்தது. அதே நாள், அதே முகூர்த்தம் குறித்தேன். ஒரே நாளில் இரண்டு விசேஷம் வந்தால், முதலில் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்தவர்கள் வீட்டுக்குத்தான் எங்கள் சனம் போகும். சொந்தமெல்லாம் பவானி ஆற்றோரம். தம்பி பத்திரிகையோடு காரில் கிளம்பும் முன் நான் முந்திக்கொள்ள வேண்டும். அவன் மண்டபம் காலியாகக் கிடக்க வேண்டும்.

கட்டணமில்லாத டவுன் பஸ்ஸிலேயே பழி வாங்கப் புறப்பட்டேன். என் கையால் குங்குமம் வாங்க மாட்டார்களே, அதற்காக மருமகளையும் இழுத்துக்கொண்டேன். மேட்டுப்பாளையம் தாண்டியதும் வாழைத்தோப்பும் பாக்குத்தோப்புமாக வந்தது. மலை, ரோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. மருமகள் ஜன்னலில் போனை நீட்டி ஆற்றைப் படம் பிடித்தாள்.

"எத்தனை அழகுங்க அத்தே, பாருங்க."

"அழகு இருக்கட்டும். குங்குமச் சிமிழைக் கொட்டிப்போடாத."

ஊர் ஊராக இறங்கினோம். அடுத்த பஸ் வரும்வரை ஆற்றங்கரையில் நின்றோம். தண்ணீர் பச்சையாக, சத்தமில்லாமல் போனது. நல்ல இடம்தான். ஆனால் எந்த வீடு முடிந்தது, எது பாக்கி என்பதிலேயே என் புத்தி இருந்தது. "தம்பி கல்யாணமும் அன்னைக்குத்தானுங்களே?" என்று யாராவது இழுத்தால், "அதுக்கென்னங்க, நான்தான மொதல்ல வந்திருக்கறேன்" என்பேன். வாங்கிக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் அத்தனை குளிர்ச்சி.

கடைசி பஸ் அணைத்தண்ணீர் தேங்கி நிற்கும் ஊரில் விட்டது. என் இடத்தில் நிற்கப்போகிற சித்தப்பன் மகள் வீடு அங்கேதான். அவளையே என் வீட்டுக்கு இழுத்துவிட்டால் இணைச்சீருக்கு ஆளே இருக்காது. இதற்காகத்தான் அவளைக் கடைசியாக வைத்திருந்தேன்.

"வாங்க்கா, உக்காருங்க" என்றாள். மருமகள் நீட்டிய தாம்பூலத்தை வாங்கிப் பத்திரிகையைப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"ஏனுங்க்கா, அன்னைக்கு நீங்க சீருக்கு நிக்கோணுமல்லங்க?"

"நீதான நிக்கற."

"நான் மாட்டேன்னு சொல்லிப்போட்டேனுங்க. அண்ணனும் பெரியம்மாகிட்டச் சண்டை கட்டிப்போட்டாருங்க. எங்கக்கா நிக்காட்டி எனக்குச் சீரே வேண்டாமுன்னுட்டாரு. பத்து நாளா உங்களுக்குப் போன் போடறாராம், போகவே மாட்டேங்குதாம்."

அத்தனை ஊரிலும் வெற்றிலை வைத்தாயிற்று. கொடுத்த தாம்பூலத்தை எந்த முகத்தோடு திரும்பக் கேட்பது? பெரியம்மா மேல் இருந்த ஆத்திரம் அப்போதும் ஆறவில்லை. அதைவிட என் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

வாசலுக்கு வந்து பிளாக்கை எடுத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். நான் சொல்வதற்கு முன்பே அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஊரெல்லாம் அவனுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறது. அவன் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

"எல்லாருத்தையும் கூப்பிட்டீங்களாமா" என்றான். "என்னைக் கூப்பிடலீங்களாக்கா?"