மினுக்கிற தண்ணி

அந்த இரண்டு பற்றரிகளையும் கெடுத்தவள் நான்தான். இதை இன்று எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சொல்ல வேண்டிய நாளில் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலெர்மோ நகரத்து லிபெர்த்தா வீதியில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். நாலாம் மாடி. சமையல், துடைப்பு, உடுப்பு மினுக்குவது எல்லாம் என் பாடு. துணி தேய்ப்பதை எங்கள் ஊரில் மினுக்குவது என்போம். அந்த வீட்டு ஐயா பல் வைத்தியர். நாங்கள் அவரைச் சின்யோரே என்றும் அவருடைய மனைவியைச் சின்யோரா என்றும் சொல்வோம். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான், எங்களுக்குள் கதைக்கும்போதும் அப்படித்தான்.

சின்யோரேயிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது. கோடையில் மனுசனுக்கு வீடு என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். ஒக்டோபர் பிறந்ததும் படகைக் கரையில் ஏற்றி மூடிவிடுவார்கள். அதற்குள் இருக்கும் இரண்டு பெரிய பற்றரிகளையும் கழற்றி எங்கள் கட்டடத்து நிலவறையில் கொண்டுவந்து வைப்பார்கள். வெறும் சீமெந்துத் தரையில் வைக்கக்கூடாது என்பது சின்யோரேயின் கட்டளை. ஒரு தடித்த பலகை, அதன் மேல் இரண்டு பற்றரி. பக்கத்தில் சுவர்ப் பிளக்கில் கொழுவுகிற சார்ஜர். குளிர்காலம் முழுக்க அவை அப்படியே கிடக்கும்.

சும்மா கிடந்தால் பற்றரி செத்துப்போகும். மாதம் ஒருக்கா சார்ஜ் ஏற்ற வேண்டும், உள்ளே தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தால் துடைத்து வஸ்லீன் பூச வேண்டும். இந்த வேலையெல்லாம் மன்னாரில் இருந்து வந்த ஒருவருடையது. வயது முப்பத்திரண்டு. ஊரில் சொந்தமாக வள்ளமும் எஞ்சினும் வைத்துத் தொழில் செய்தவர். கோடையில் படகைக் கழுவுவார், கயிறு பார்ப்பார், பெயின்ற் அடிப்பார். குளிர்காலத்தில் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பற்றரி பார்க்க வருவார். நான் அவரைத் தம்பி என்பேன். அவர் எனக்கு அக்கா போடுவார்.

அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். வியா மக்வேதா வீதியில் ஊருக்கு ரெலிபோன் கோல் எடுக்கிற கடையில் வரிசையில் நின்றபோது பழக்கம். அவருடைய மனைவி இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் இருந்தாள். முகாமுக்கு வெளியே ஒரு கடைக்குக் கோல் எடுத்து, மனைவியைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு வைப்பார். அரை மணித்தியாலம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்ப எடுப்பார். அவர் வெளிக்கிட்டு வந்த பிறகு பிறந்த மகள் ஒருத்தி. மூன்று வயது. தகப்பன் என்றால் அந்தக் கறுத்த ரிசீவர் என்றுதான் அவளுக்குத் தெரியும். அவரிடம் பெர்மெஸ்ஸோ, அந்த நாட்டில் தங்குகிற அனுமதி, இல்லை. அந்தப் பேப்பர் கையில் இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இல்லாமல் போனால் திரும்பி வர ஏலாது.

அந்தக் குளிர்காலம்தான் சட்டம் வந்தது. இந்த ஆளுக்கு நான் வேலை கொடுக்கிறேன் என்று ஒரு முதலாளி கையெழுத்து வைத்தால், பேப்பர் இல்லாதவர்களும் பெர்மெஸ்ஸோ கேட்கலாம். பங்குனி முடிவுக்குள் கொடுக்க வேண்டும். சின்யோரே உடனே சம்மதித்தார். "பங்குனியில் படகு இறக்கும்போது செய்வோம்" என்றார். அந்த ஊரில் எல்லாம் அப்படித்தான். நாளைக்கு என்றால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றால் கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் சின்யோரே சொன்னால் செய்கிற மனுசன்.

மாசி மாதம் தம்பி பாஸ்போர்ட் புதுப்பிக்க றோமுக்குப் போக வேண்டியிருந்தது. அது பற்றரி வியாழனில் வந்து விழுந்தது. முதல் நாள் குசினி வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, இந்தமுறை மட்டும் நீங்கள் ஒருக்காப் பாப்பீங்களே?"

"இதென்ன பெரிய வேலையே. நான் பாக்கிறன்."

"முதல்லை மூடியளைத் துறவுங்கோ. உள்ளுக்குள்ளை தட்டுத் தெரிஞ்சால், தட்டு மூடுற அளவுக்கு மட்டும் தண்ணி விடுங்கோ. பிறகு சார்ஜ் போடுங்கோ. யன்னல் துறந்திருக்கவேணும். சார்ஜ் முடிஞ்ச பிறகுதான் மிச்சத் தண்ணி. பைப் தண்ணி விட்டிடாதேங்கோ. நீங்கள் உடுப்பு மினுக்கிற தண்ணி இருக்கல்லே, அதுதான்."

"தம்பி, பற்றரி கிடையாத ஊரிலை இருந்து வந்தவள் நான். டோர்ச்சுக்குப் போடுற பற்றரியை வெயிலிலை காய வைச்சுத் திருப்பித் திருப்பிப் பாவிச்ச ஆக்கள் நாங்கள். எனக்கே பாடம் எடுக்கிறீர்?"

"அதுதான் அக்கா பயமாக் கிடக்கு" என்று சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்புச் சுட்டது. சின்ன விசயத்துக்கெல்லாம் எனக்குச் சுடும். நல்லாச் செய்து காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

மினுக்கிற அறையில் தண்ணீர்ப் போத்தல் எப்போதும் யன்னலுக்குக் கீழே இருக்கும். அயன்பெட்டிக்குள் உப்புப் படியக்கூடாது என்று கடையில் வாங்குகிற தண்ணீர். வருடக்கணக்காக அது ஒரே போத்தல்தான், நிறமில்லாத தண்ணீர், வெள்ளை லேபல். அந்த மாதம் மட்டும் சின்யோரா வேறொரு போத்தல் வாங்கி வைத்திருந்தார். லேபலில் ஊதாப் பூ. நானும் இரண்டு கிழமையாக அதைத்தான் அயன்பெட்டிக்குள் விட்டேன். சட்டைகள் நல்ல வாசம் அடிக்கின்றன என்று சந்தோசமாகக்கூட இருந்தது. அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கியபோது என் மூளைக்குள் ஒரு மணியும் அடிக்கவில்லை. மினுக்கிற தண்ணி என்றால் மினுக்கிற தண்ணிதானே.

மூடிகளைத் திறந்தேன். தட்டு மூடுகிற அளவுக்கு என்றார் அல்லவா, நான் கழுத்து வரைக்கும் விட்டேன். கஞ்சத்தனம் செய்தேன் என்று பெயர் வரக்கூடாதாம். சார்ஜரைக் கொழுவி, யன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மேலே போய் மத்தியானச் சமையலைப் பார்த்தேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்து இறங்கினால், ஓட்டைகளுக்குள்ளால் வெள்ளை நுரை பொங்கி வழிந்து பலகை முழுக்க ஊறிக் கிடந்தது. சின்யோராவின் அலுமாரியைத் திறந்தால் வருகிற அதே லவண்டர் வாசம், அதற்குள் மூக்கைக் குத்துகிற அசிட் நெடி. பிளக்கைப் பிடுங்கினேன். கைக்குக் கிடைத்த துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். பின்னேரம் பார்த்தால் துணி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அதைக் குப்பைக்குள் போட்டு அதன் மேல் உருளைக்கிழங்குத் தோலைப் போட்டேன்.

தம்பி றோமில் இருந்து எனக்கு ஒரு பிடி கறிவேப்பிலை கொண்டுவந்தார். பேப்பரில் சுற்றி, சட்டைப் பைக்குள் வைத்து.

"பற்றரி பாத்தனீங்களே அக்கா?"

"ஓம் தம்பி. எல்லாம் ஒழுங்கு."

அப்போதே சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. இரண்டு பேருமாக இறங்கிப் போய்ப் பார்த்திருப்போம். அவர் என்னை நாலு நாள் பகிடி பண்ணியிருப்பார். அந்தப் பகிடிக்குத்தான் நான் பயந்தேன், வேறொன்றுக்கும் இல்லை. நினைக்க வெட்கமாக இருக்கிறது.

பங்குனியில் அவர் வழமைபோல நிலவறைக்குப் போனார். வழமையைவிட நேரம் எடுத்தது. பிறகு படியேறி வந்து குசினி வாசலில் நின்றார். கையைத் தன் மூக்கருகே ஒரு தடவை கொண்டுபோனதைப் பார்த்தேன்.

"சின்யோரா மினுக்கிற தண்ணி புதுசா ஏதும் வாங்கினவவோ?"

"எனக்குத் தெரியேல்லை தம்பி" என்றேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

அடுத்த சனிக்கிழமை படகு இறக்குவதற்காகச் சின்யோரே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் ஒரு கண்ணாடிக் குழாயால் உள்ளே இருந்ததை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, இரண்டும் முடிந்துவிட்டன, யாரோ கண்ட தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள் என்று சொன்னாராம். சின்யோரே மேலே வந்து தம்பியை வரவேற்பறைக்குக் கூப்பிட்டார். நான் பக்கத்து அறையில் மினுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"தண்ணீர் விட்டது நீயா?"

"நான்தான்."

"என்ன தண்ணீர்?"

அந்த வீட்டில் மினுக்கிற தண்ணியோடு புழங்குகிற ஆள் ஒருத்திதான். அது எனக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

"குழாய்த் தண்ணீர்" என்றார் தம்பி.

சின்யோரே சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் உள்ளே ஓடியிருப்பேனோ என்னவோ. "வேண்டாம் என்று நூறு தரம் சொன்னதையே செய்திருக்கிறாய். இரண்டு பற்றரியைப் பார்க்க முடியாத உன்னை நம்பி நான் எப்படி அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது?" என்று மட்டும் கேட்டார்.

நான் அந்தச் சட்டையை மினுக்கி முடித்தேன். கழுத்துப்பட்டி, கை, பொத்தான்களுக்கு நடுவே. பிறகு அடுத்த சட்டையை எடுத்தேன்.

தம்பி வெளியே போன சத்தம் கேட்ட பிறகுதான் படிக்கட்டில் ஓடினேன். இரண்டாம் மாடியில் பிடித்தேன்.

"நில்லும் தம்பி. நான் போய்ச் சொல்லுறன்."

"வேண்டாமக்கா. உங்கடை பேப்பரும் அவையின்ரை கையெழுத்திலைதானே ஓடுது. ரெண்டு பேரும் கெடவேண்டாம். மினுக்கிற தண்ணி எண்டு சொன்னதும் நான்தானே."

அவர் வேண்டாம் என்றதும், பிடித்துக்கொள்ள ஒரு கொப்புக் கிடைத்தது மாதிரி அதைப் பிடித்துக்கொண்டேன். சட்டத்தின் கடைசித் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் காலையில் கோப்பி போட்டுக் கொண்டுபோய்ச் சின்யோரேயின் முன்னால் வைத்தேன். ஒன்பது நாளும், நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். பத்தாம் நாள் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

தம்பி வேறு முதலாளி தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. வைகாசி அளவில் வடக்கே போய்விட்டார். ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவதாகக் கேள்விப்பட்டேன். கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அவரே எனக்குக் கோல் எடுக்கத் தொடங்கினார். கோபம் என்று ஒரு சொல் இல்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நித்திரை வந்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மாரிகாலத்தில், மினுக்கிற அறையில் நான் போத்தலில் இருந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது சின்யோரா ஒரு சட்டையைத் தேடி வந்தார். ஏன் அன்றைக்கு வாய் திறந்தது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஊதாப் பூ லேபல், நுரை, ஓட்டைத் துணி, குழாய்த் தண்ணீர் என்று தம்பி சொன்ன பொய். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

சின்யோரா என்னைப் பார்த்தபடி நின்றார். பிறகு சிரித்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அந்த லவண்டர் தண்ணீரா? அதை அவசரத்தில் பார்க்காமல் வாங்கியது நான்தானே. அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் அந்தக் கதிரையிலேயே இருத்தி என் கணவரைக் கையெழுத்துப் போடவைத்திருப்பேன். இரண்டு பற்றரி! எப்படியும் நாலு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற சாமான்."

இரவுச் சாப்பாட்டில் அதைக் கணவருக்கும் சொன்னார். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவனை வரச் சொல், நான் இப்போது போட்டுக் கொடுக்கிறேன்" என்றார். அந்தச் சட்டம் முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று சொன்னேன். "ஓ" என்றார். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

அடுத்த சட்டத்தில் தம்பிக்கு வடக்கிலேயே பேப்பர் கிடைத்தது. போய் மகளைப் பார்த்தார். அவளுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து எனக்குக் கோல் எடுத்தார்.

"என்னைக் கண்டவுடனை தாய்க்குப் பின்னாலை போய் ஒளிச்சிட்டாள் அக்கா. சாமான் விக்க வந்த ஆள் எண்டு நினைச்சிட்டாள் போலை" என்று சிரித்தார். பத்து நாள் ஆயிற்றாம் பக்கத்தில் வர. லீவு இருபது நாள்.

சின்யோரா சிரித்த கதையை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால், அந்தக் குழாய்த் தண்ணீர்ப் பொய்க்கு ஒரு தேவையுமே இருக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். என்னுடைய பேப்பரையாவது அந்தப் பொய் காப்பாற்றியது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேனோ அவருக்காகவோ, அதைச் சரியாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் முடியவில்லை.

ஒவ்வொரு முறையும் கோலை வைப்பதற்கு முன் அவர் கேட்பார்.

"உங்கடை பேப்பர் எல்லாம் எப்பிடி அக்கா? பிரச்சினை ஒண்டும் இல்லையே?"

"ஓம் தம்பி" என்பேன். "எல்லாம் ஒழுங்கு."