டபுள் பாஸ்காரரின் முதலாம் புத்தகம்

கல்முனைக்குடியில் ஒரு வீட்டுக்கு மின்விசிறி பொருத்தப் போனபோதுதான் அவரைக் கண்டேன். வெளிநாட்டுக் கப்பல்களில் பல வருடங்கள் டபுள் பாஸ் வாசித்தவர். ஆளை விட உயரமான, பெரிய வயலின் போன்ற அந்த வாத்தியம் அவர் தோளில் சாய்ந்திருந்தது. பாரிசவாதம் வந்ததில் இடது கை பாதி விழுந்துவிட்டிருந்தது.

அலுமாரி நிறையப் பயிற்சிப் புத்தகங்கள் இருந்தன. அவர் முன்னால் விரித்து வைத்திருந்ததோ, புதிதாகப் பழகுகிற பிள்ளைகளுக்கான முதலாம் புத்தகம்.

"காக்கா, கப்பல்ல வாசிச்ச ஆள் நீங்க. இது சின்னப் புள்ளைகள்ற புத்தகம்தானே?" என்றேன், அண்ணன் முறை வைத்து.

"ஓம் தம்பி. பெரிய புத்தகத்த எடுத்தா எனக்குக் கோவம் வருகிது. இத எடுத்தா கை வருகிது."

விரல் வழுக்கும்போதெல்லாம் அவர் வில்லை மடியில் வைத்துவிடுவார். வலக் கையால் இடக் கை விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தந்தியில் வைப்பார், தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல. பிறகு அதே வரியை முதலிலிருந்து தொடங்குவார். நான் ஏணியில் நின்ற நேரம் முழுக்க அந்த ஒரு வரிதான்.

நான் இறங்கும்போது அந்த வரி பிசகாமல் முழுதாக வந்தது. அதன் அடித்தொனி தரையில் ஓடி என் உள்ளங்காலில் அதிர்ந்தது. குசினியிலிருந்து அவர் மனைவி மாவுக் கையோடு ஓடி வந்தார்.

"வந்திட்டு!" என்றார்.

காக்கா சிரிக்கவில்லை. "இன்னொருக்காப் பாப்பம்" என்று விரல்களை மறுபடி வரியின் தொடக்கத்தில் வைத்தார்.

எனக்கு அடுத்த வீட்டில் வேலை காத்திருந்தது. ஆனாலும் ஏணியை மடக்க மனம் வராமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.