நாலு முளை, ஒரு ஊசி, அடியில் தண்ணீர்

பூமிக்குள் மின்சாரத்தை அனுப்பி, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்வது எங்கள் தொழில். பூமி சீக்கிரம் பதில் சொல்லிவிடும், மேலே நிற்கிற மனிதர்களோடுதான் பாடு.

வெயிலில் கம்பி இழுத்தவர்களே, அட்டை கடித்த காலோடு அளவெடுத்தவர்களே, "என்னய்யா, தண்ணி இருக்கா இல்லையா?" என்ற கேள்வியைத் தினம் பத்து தடவை காதில் வாங்கியவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளக்கமாக நாலு வரி. மலாயாவுக்கு ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னால், தந்திக் கம்பி வேலையை விட்டுவிட்டு, கிள்ளானில் கிணறு வெட்டிக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். எங்கள் துரை வெள்ளைக்காரர். சீமையில் இந்த வித்தையைப் படித்துவிட்டு ஒரு மரப்பெட்டியோடு கப்பலேறி வந்தவர். நேர்கோட்டில் நாலு இரும்பு முளை அடிப்போம். வெளி முளை இரண்டுக்கும் பேட்டரியிலிருந்து மின்சாரம் போகும். உள் முளை இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறதென்று பெட்டியில் உள்ள ஊசி காட்டும். காய்ந்த பாறை மின்சாரத்தை விடாது, ஊசி ஏறும். களிமண்ணும் உப்புநீரும் தாராளமாக விடும், ஊசி இறங்கும். நல்ல தண்ணீர் உள்ள மணல் இரண்டுக்கும் நடுவில். முளைகளை அகட்டி அடிக்க அடிக்க இன்னும் ஆழத்திலிருந்து சேதி வரும். வித்தை அவ்வளவுதான். துரை, நான், முளை அடிக்கும் மாணிக்கம், ஒரு லோரி. இதுதான் எங்கள் படை.

வாளியோடு போனோம்

சுங்கை பூலோ பக்கம் ஒரு மலாய்க் கம்பம், அதாவது கிராமம். மழை தவறிப்போய் கிணறெல்லாம் சேறாகிக் கிடந்தது. காய்ந்த மண்ணில் முளை சரியாகப் பிடிக்காது என்பதால், முளையைச் சுற்றி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். அதற்காக லோரியில் நாலு வாளித் தண்ணீர் கொண்டுபோயிருந்தோம். கம்பத்துத் தலைவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்று பார்த்தார். தண்ணீர் தேட வந்தவன் தண்ணீரைக் கொண்டுவந்து தரையில் கொட்டுவானா என்று அவருக்கு ஒரே வியப்பு. "சாரி ஆயர், பாவா ஆயர்?" தண்ணி தேடத் தண்ணி கொண்டுவருவதா என்று மலாயில் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

மசூதிக்குப் பின்னால், புளியமரத்துக்குத் தெற்கே வெட்டச் சொன்னோம். ஊசி அங்கே அவ்வளவு தெளிவாகப் பேசியிருந்தது. பதினெட்டாவது அடியில் ஊற்று பீறிட்டது. நாங்கள் பெட்டியைக் கட்டிக் கிளம்பும்போது தலைவர் ஒரு வாளி நிறையத் தெளிந்த தண்ணீரைத் தானே தூக்கிவந்து லோரியில் வைத்து, மலாயில் சொன்னார்: "நீங்க எங்க மண்ணுக்குக் குடுத்தது, எங்க மண்ணு உங்களுக்குத் திருப்பிக் குடுக்குது, எடுத்துட்டுப் போங்க லா!"

பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைத்த புதையல்

தோல்வியையும் சொல்லத்தானே வேண்டும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சின்னச்சாமி அண்ணன் என்று ஒரு சலவைக்காரர். ரயில்வே குடியிருப்பு முழுக்க அவர்தான் வெளுப்பு. வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு வேண்டும் என்றார். துரைக்கு அன்றைக்குக் காய்ச்சல். நானே பெட்டியைத் திறந்தேன். ஒரே இடத்தில் ஊசி சடாரென்று இறங்கியது. அப்படி ஒரு இறக்கத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. ஈரம் நிறைந்த மண் இதுதான் என்று முடிவுகட்டி, "இங்கேயே வெட்டுங்க அண்ணே, என் பொறுப்பு" என்றேன். மாணிக்கம் மட்டும், முளை அடித்த கோட்டைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை பார்க்கலாமே என்றான். எனக்கு அவசியமாகப் படவில்லை.

எட்டாவது அடியில் மண்வெட்டி 'டங்' என்றது. எந்தக் காலத்திலோ ரயில்வேக்காரர்கள் போட்டுப் புதைத்துவிட்ட பழைய தண்டவாளம், ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு துண்டு. இரும்பு கிடந்தால் மின்சாரம் அதில் ஓடிவிடும், ஊசி ஏமாறும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன். அடுத்த வாரம் கோட்டைக் குறுக்கே போட்டு, கொல்லையின் மறு மூலையில் தண்ணீர் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டோம். ஆனால் குழிக்குள் எட்டிப் பார்த்த சின்னச்சாமி அண்ணன் அன்றைக்குச் சொன்னதை மாணிக்கம் ஒரு வருஷம் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான்: "தம்பி, நான் துணி வெளுக்கத்தான் கேட்டேன், ஸ்டேஷன் கட்ட இல்ல."

குச்சியும் ஊசியும்

கொய்யாக் கவட்டையைக் கையில் பிடித்து நீரோட்டம் சொல்லும் பெரியசாமிக் கங்காணியைக் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் தெரியாதவர் இல்லை. ஒரு தோட்டத்தில் மானேஜர் எங்களையும் அவரையும் ஒரே நாளில் வரச் சொல்லிவிட்டார். கங்காணி தலைப்பாகை, கோட்டு, கையில் கவட்டையோடு மேட்டுச் சரிவில் மூன்று சுற்றுச் சுற்றி ஓரிடத்தில் காலை ஊன்றினார். எங்கள் ஊசியோ அந்த இடத்தில் பாறை என்றது. இருநூறு அடி தள்ளி, பாறை உளுத்துப்போன ஒரு பள்ளத்தைக் காட்டியது. மானேஜர் இரண்டு இடத்திலும் வெட்டச் சொன்னார். தோட்டமே வேடிக்கை பார்த்தது.

அவர் குழியில் பன்னிரண்டு அடியில் பாறை. வெடி வைத்தும் ஈரம்கூட இல்லை. எங்களுடையதில் முப்பது அடியில் ஒரு ஆள் உயரத்துக்குத் தண்ணீர். மாணிக்கம் கைதட்டப் போனான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். இருபது வருஷமாக மரியாதையோடு நடந்த மனுஷர் ஜனங்களுக்கு நடுவே தலைகுனிந்து நின்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. வெற்றிலைப் பெட்டியை நீட்டினேன். எடுத்துக்கொண்டார். கவட்டையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: "திங்கக்கிழமை என்னைய மேரு தோட்டத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க, நீங்க ஞாயித்துக்கிழமையே பெட்டியோட அந்தப் பக்கம் வந்துட்டுப் போவீங்களா, தம்பி?"

மேகம் பார்க்கும் உத்தியோகம்

கோலாலம்பூர்ப் பிற்பகல் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணிக்கு வெயில், மூன்றரைக்கு இடி. ஒரு நாள் ஈயச் சுரங்கம் வெட்டிப்போட்ட மணல்வெளியில் ஆயிரம் அடிக் கம்பியை நீட்டி வைத்திருந்தோம். மேற்கே வானம் கறுத்தது. "துரை, கம்பியைக் கழற்றணும்" என்றேன். "இன்னும் இரண்டு அளவு" என்றார். பெட்டியை விட்டு அவர் கை எழவில்லை. தந்திக் கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவன் நான். மின்னல் விழுந்து செத்த கூட்டாளியைக் கீழே இறக்கியிருக்கிறேன். அவரைக் கேட்காமலே கம்பியைப் பெட்டியிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, அவர் கையைப் பிடித்து லோரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். துரை கோபத்தில் ஏதோ கத்தினார். இடிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

மழை விட்டபின் போய்ப் பார்த்தோம். கடைசி முளையில் கட்டிய கம்பி உருகி, மணலில் கறுப்புக் கோடாகக் கிடந்தது. துரை அதைக் குனிந்து கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டிச் சொன்னார்: "வேலாயுதம், இனி ஊசியை நான் பார்க்கிறேன், மேகத்தை நீ பார்."

காப்பார்த் தோட்டம்

கடலுக்குப் பக்கத்தில், காப்பாரில் ஒரு ரப்பர்த் தோட்டம். எங்கே வெட்டினாலும் உப்புத் தண்ணீர், சமையல்கூட அதில்தான். குடிதண்ணீர் மாட்டுவண்டியில் பீப்பாயில் வரும். வண்டி வராத நாளில் ஜனங்கள் கால்வாய்த் தண்ணீரைக் குடிப்பார்கள். நாங்கள் போவதற்கு முந்தின மாதம் வயிற்றுப்போக்கில் இரண்டு குழந்தைகள் போய்விட்டன. அதில் ஒன்று அஞ்சலை என்ற பால்மரம் வெட்டுகிற பெண்ணுடையது. அவள்தான் எங்களுக்கு வழி காட்டி வந்தாள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள்.

முளையை அகட்ட அகட்ட ஊசி இறங்கிக்கொண்டே போனது. கடல் களிமண், உப்பு. கம்பி தீர்ந்துபோனது. "கீழேயும் இதுதான், கட்டு பெட்டியை" என்றார் துரை. ஆனால் கடைசி இரண்டு அளவில் இறக்கம் நின்று, ஒரு மயிரிழை மேலே ஏறியிருந்தது. சொன்னேன். பேட்டரி இளைத்திருக்கும் என்றார். புது பேட்டரி மாட்டி மறுபடி எடுத்தேன், அதே ஏற்றம். களிமண்ணுக்கு அடியில் வேறு ஏதோ இருக்கிறது. நல்ல தண்ணீர் உள்ள மணலாக இருக்கலாம், வெறும் பாறையாகவும் இருக்கலாம். இன்னும் அகட்டினால்தான் தெரியும். அதற்குக் கம்பி வேண்டும்.

தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி என்பார்கள், ஸ்டோரிலிருந்து பழைய டெலிபோன் கம்பி இரண்டு சுருள் கொடுத்தார். மேலுறை அங்கங்கே பிய்ந்திருந்தது. சதுப்பில் போட்டால் வழியிலேயே மின்சாரம் கசிந்துவிடும். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அஞ்சலை, "மேல தோலு இல்லாததுதான் குறையா?" என்று கேட்டாள். ஆமென்றேன். போனவள், உறைந்த ரப்பரான கட்டிப்பாலை நாடாவாகக் கிழித்துக்கொண்டு ஏழெட்டுப் பெண்களோடு வந்தாள். பிய்ந்த இடத்திலெல்லாம் ரப்பரைச் சுற்றினார்கள். பிறகு இடுப்பளவுச் சேற்றில் இறங்கி, கவட்டைக் குச்சிகளில் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அளவெடுத்தோம். ஊசி ஏறியது. மறுபடி அகட்டினோம். இன்னும் ஏறியது. துரை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "துளை போடலாம்" என்றார்.

பதினோரு நாள் துளை போட்டோம். வந்ததெல்லாம் நீலக் களிமண்ணும் கிளிஞ்சலும். எட்டாம் நாள் மானேஜர் நிறுத்தச் சொன்னார். துரை என்னைப் பார்த்தார். "ஊசி சொன்ன ஆழம் இன்னும் வரலை, துரை" என்றேன். வெளியே உறுதியாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் பாறை, பாறை என்று அடித்துக்கொண்டது. துரை மானேஜரிடம் மூன்று நாள் தவணை வாங்கினார். மூன்றாம் நாள் காலை, துளைக்குழாயில் வெள்ளை மணல் ஏறியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தானாக மேலேறி வாய் வரை வந்து நின்றது.

யாரும் கை வைக்கவில்லை. இதுவரை எத்தனையோ கிணற்றைப் பார்த்து ஏமாந்த ஜனம். அஞ்சலை முன்னே வந்து, இரண்டு கையாலும் அள்ளி வாயில் வைத்தாள். விழுங்கினாள். மறுபடி அள்ளிக் குடித்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. திரும்பிக் கிராணியைப் பார்த்துச் சொன்னாள்: "ஐயா, கடையில உப்பு வாங்கிப் போடச் சொல்லுங்க, இனிமே கொழம்புக்கு நாங்கதான் உப்புப் போடணும்."

எங்கள் வீட்டுத் தண்ணீர்

காப்பாரிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு ராஜா மாதிரி வந்து சேர்ந்தேன். தோட்டத்தார் போட்ட மாலைகூடக் கழுத்தில் வாடாமல் இருந்தது. என் மனைவி பார்வதி வாசலில் இரண்டு காலிக் குடத்தோடு நின்றாள். நடந்ததையெல்லாம் நான் சொல்லி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டாள். அஞ்சலை சொன்னதைக் கேட்டு அவள் கண்ணும் கலங்கியது. பிறகு மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, குடங்களை என் கையில் கொடுத்தாள்: "ரொம்ப சந்தோஷம், குழாயடியில நமக்கு முன்னால ஒன்பது பேர் நிக்கிறாங்க, அங்க ஊசியெல்லாம் வேணாம், வரிசையில நின்னாப் போதும்."

மண்ணுக்கடியில் தண்ணீர் இருக்குமிடத்தை இத்தனை வருஷத்தில் ஓரளவு சரியாகவே சொல்லியிருக்கிறேன், ஆனால் "இருக்கா இல்லையா?" என்று கேட்டவர்களில் ஒருவர்கூட, "இருக்கலாம், ஆனால்" என்று தொடங்கும் என் பதிலை நான் சொல்லி முடிக்கும்வரை நின்றதில்லை.