கெசீனா நடந்து பார்த்த வீடு

"யார் நடந்தா பத்து நிமிஷம்? நீங்க நடந்தாலா, உங்க ஆடு நடந்தாலா?"

தொலைபேசியின் மறுமுனையில் ஓர் இத்தாலிய வீட்டுக்காரர் வாயடைத்துப் போயிருக்கிறார். அவர் பதில் தேடும் நேரத்தில் கெசீனா கோப்பையில் கற்கண்டைப் போட்டு, அதன் மேல் கொதிக்கும் தேநீரை ஊற்றுகிறாள். கற்கண்டு சடசடவென்று வெடிக்கிறது. கலக்கமாட்டாள். கடைசி வாய்தான் இனிக்க வேண்டும் என்பது அவள் பிறந்த கடலோர ஊரின் வழக்கம்.

"சரி, நடைபாதை இருக்கா? இல்லையா? அப்போ லாரி போகுமா? நாய்? கட்டிப் போட்டிருக்குமா, சும்மா திரியுமா?"

ஜனவரி பிறந்தால் ஜெர்மனியின் பிரெமன் நகரில் அவள் சமையலறை ஓர் அலுவலகமாகிவிடும். நாங்கள் ஒன்பது பேர். ஒரே பணிமனையிலிருந்து ட்ராம் ஓட்டியவர்களும் அவர்களைக் கட்டிக்கொண்டவர்களும். ஆண்டுதோறும் ஜூன் மாதம் இத்தாலியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இரண்டு வாரம் ஒன்றாகத் தங்குவோம். வீட்டைத் தேடும் பொறுப்பை யாரும் கெசீனாவிடம் ஒப்படைக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே நிபந்தனைதான்: வீட்டிலிருந்து கிராமத்துக்கு நடந்தே போய்வர வேண்டும். "காலையில ரொட்டி வாங்கக் காரை எடுக்கணும்னா அதுக்குப் பேரு விடுமுறை இல்ல, வேலை" என்பாள்.

வயது அறுபத்து நான்கு. அகலமான தோள், கத்தரித்த நரைமுடி, தடித்த மூக்குக்கண்ணாடி, எப்போதும் ஒரே நீலக் கம்பளிச் சட்டை. முப்பத்தொரு ஆண்டு ட்ராம் ஓட்டிய உடம்புக்கு 'சுமார்' என்ற சொல் தெரியாது. சாப்பிட வரச் சொன்னால் ஏழு பன்னிரண்டுக்கு வா என்பாள். ஏழு பதினைந்துக்குப் போனால் கதவைத் திறந்து கடிகாரத்தைத்தான் முதலில் பார்ப்பாள். அவள் பேசும்போது யாராவது குறுக்கே பேசினால் மேசைக்கடியில் அவள் பாதம் தரையைத் தட்டும். ட்ராமில் மணியடிக்கும் மிதி அந்த இடத்தில்தான் இருந்தது.

இத்தாலிய மொழியை ஆறு குளிர்காலம் மாலை வகுப்பில் படித்தாள். இலக்கணம் தள்ளாடும், அவள் தள்ளாடமாட்டாள். விளம்பரப் படங்களைப் பார்க்கும் விதமே தனி. நாங்கள் திராட்சைப் பந்தலையும் மலைச்சரிவையும் பார்த்து வாய்பிளந்தால் அவள், "படம் எடுத்தவன் எங்க நின்னு எடுத்தான்? ஏன் இந்தப் பக்கம் திரும்பவே இல்ல?" என்று கேட்பாள். அந்தப் பக்கம் ஒரு பன்றிப் பண்ணை இருக்கும். எப்படித்தான் தெரியுமோ.

ஒரே ஒருமுறை ஏமாந்தாள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு வீட்டுக்காரி எட்டு நிமிட நடை என்று எழுதியிருந்தாள். போய் நடந்தால் ஐம்பத்திரண்டு நிமிடம். அதுவும் செங்குத்தான ஏற்றம். வாங்கிய வெண்ணெய் திரும்பி வருவதற்குள் எண்ணெயாகிவிட்டது. டெட்லெஃப், எங்கள் குழுவின் நிரந்தர எதிர்க்கட்சி, ஒரு வைக்கோல் வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு எங்களைக் கடந்து போகும்போது ராஜா மாதிரி கையசைத்தான். அந்த இரண்டு வாரமும் கெசீனா சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் ஆட்டையும் நாயையும் பற்றிய கேள்விகள்.

சென்ற செப்டம்பரில் ஹைனோவுக்குப் பக்கவாதம் வந்தது.

ஹைனோ எங்கள் குழுவின் வாய். ஓர் இத்தாலியச் சொல்கூடத் தெரியாது. ஆனால் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் காலை எட்டு மணிக்குத் தனியாகக் கிளம்பிப் போய், சதுக்கத்துக் காப்பிக்கடையில் நின்றுகொண்டே ஒரு காப்பி குடித்து, ரொட்டியோடு திரும்புவான். மூன்றாம் நாள் ஊரில் பாதிப் பேர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பேச்சு பிழைத்துக்கொண்டது. இடது கால்தான் பின்தங்கிவிட்டது; கைத்தடியை ஊன்றி, காலை அரைவட்டமாக வீசி இழுத்துத்தான் நடக்கிறான்.

ஜனவரியில் வழக்கம்போல் கெசீனாவின் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். டெட்லெஃப் கையோடு ஒரு வீட்டின் படத்தைக் கொண்டுவந்திருந்தான். நீச்சல் குளம், பெரிய புல்வெளி, கிராமம் ஒன்பது கிலோமீட்டர்.

"இனிமே நடக்கிற கதையெல்லாம் விடு கெசீனா. ஹைனோவை நானே தினமும் கார்ல கூட்டிட்டுப் போறேன். வாசல்லயே இறக்கி விடறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் ஹைனோ தன் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தான்.

"என்னை மூட்டை மாதிரி ஏத்தி இறக்க வேண்டாம்ப்பா. இந்த வருஷம் நீங்க எட்டுப் பேரும் போயிட்டு வாங்க. ஃப்ராவ்கே வேணும்னா வரட்டும்."

அவன் மனைவி ஃப்ராவ்கே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நான்கு மாதமும் நாங்கள் அவனைப் பற்றி ஃப்ராவ்கேயிடம்தான் தாழ்ந்த குரலில் விசாரித்துக்கொண்டிருந்தோம். அவனிடம் நேராக யாரும் எதையும் கேட்டதில்லை.

கெசீனா பென்சிலை எடுத்தாள். "ஹைனோ, நிக்காம எவ்வளவு தூரம் நடக்கிற?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "முந்நூறு மீட்டர். நல்ல நாள்ல முந்நூத்தைம்பது."

"அப்புறம்?"

"உட்காரணும். நாலு நிமிஷம். அப்புறம் மறுபடி நடப்பேன்."

"ஏத்தம்?"

"ஏத்தம்னா பாதி. இறக்கம் அதைவிட மோசம். படி மூணுக்கு மேல வேண்டாம். உட்கார்ற இடம் தாழ்வா இருந்தா எந்திரிக்க முடியாது, என் தொடை உயரம் இருக்கணும்."

"கைப்பிடி?"

"இருந்தா ராஜபோகம்."

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டாள், கால அட்டவணை போல. ஹைனோ சொல்லச் சொல்ல நாற்காலியில் முன்னால் நகர்ந்து வந்தான். நோயாளியாக இருந்தவன் தன் வண்டியின் பழுதுகளை நன்கு அறிந்த ஓட்டுநராகிவிட்டான். "போடா, இதுக்குப் போயா முறுக்கிக்கிட்ட?" என்று கெசீனா பென்சிலைக் காதில் செருகினாள்.

மார்ச்சில், தான் தேர்ந்தெடுத்திருந்த மூன்று வீடுகளையும் நேரில் பார்க்கக் கிளம்பினாள். துணைக்கு நான். இரண்டு நாள் ரயில், ஒரு பேருந்து. அவள் பெட்டியில் குறுக்காகப் படுத்திருந்தது ஹைனோவின் மாற்றுக் கைத்தடி.

முதல் வீடு கிராமத்துக்கு மிக அருகில். நடுவில் நாற்பத்தொரு படி. விளம்பரத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. இரண்டாவதில் சாலை சமமாக இருந்தது, ஆனால் கல் ஏற்றிய லாரிகள் எங்கள் சட்டையை உரசிக்கொண்டு போயின. மூன்றாவது ரோக்காலூபா என்ற சின்ன ஊர். மலைமுதுகில் நேராக ஓடும் சாலை. ஒரு முனையில் வீடு, மறுமுனையில் சதுக்கம். வீட்டுக்காரர் நட்ஸரேனோ தொப்பியைக் கழற்றி வரவேற்றார். குளியலறைக் குழாய் ஒழுகியது. நீச்சல் குளம் கிடையாது. கெசீனா வீட்டுக்குள் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, இடது காலை அரைவட்டமாக வீசி நடக்கத் தொடங்கினாள்.

"இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு? இப்பதானே நல்லா இறங்கி வந்தாங்க?" என்று நட்ஸரேனோ என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியத்தில் விளக்கியதும் அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "பத்து நிமிஷம்னு போன்லயே சொன்னேனே. எங்க வீட்டுக்காரி ஏழு நிமிஷத்துல போயிடுவா!"

"உங்க வீட்டுக்காரி எங்ககூடத் தங்க வரலையே!" என்று திரும்பாமலே குரல் கொடுத்தாள் கெசீனா.

முந்நூறாவது மீட்டரில் நின்றாள். சுற்றிப் பார்த்தாள். ஒரு கல் இல்லை, திண்டு இல்லை. ஒரு வீட்டின் சுவர் மட்டும். அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் கொடிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"கால்ல என்னங்க, சுளுக்கா?"

"என் கால் நல்லாத்தான் இருக்கும்மா. இது எங்க நண்பனோட கால். ஜூன் மாசம் வருது. இந்த இடத்துல அதுக்கு உட்காரணும்."

லோரெதானா என்ற அந்தப் பெண் வாயில் கவ்வியிருந்த துணிக்கவ்வியை எடுத்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கெசீனாவின் தள்ளாடும் இத்தாலியம் இரண்டாம் முறை இன்னும் தள்ளாடியது. ஆனால் லோரெதானா உள்ளே போய்விட்டாள். வரும்போது கைப்பிடி வைத்த ஒரு மர நாற்காலி கையில் இருந்தது. கெசீனா அதில் உட்கார்ந்து, கைத்தடியை ஊன்றி எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தாள்.

"இங்கயே கிடக்கட்டும். எங்க வீட்டுல யாருக்கும் கை இருக்கிற நாற்காலி பிடிக்காது" என்றாள் லோரெதானா. "ஆனா ஜூனுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கேம்மா. மழை பெஞ்சா உள்ள எடுத்துக்கலாமா?"

அடுத்த இடம் ஒரு சிறிய தேவாலயத்தின் படிக்கட்டு. மிகத் தாழ்வு, உட்கார்ந்த கெசீனாவே எழத் திணறினாள். அதுவரை கைகட்டிப் பின்னால் வந்துகொண்டிருந்த நட்ஸரேனோ, அவள் தொடையருகில் உள்ளங்கையை நீட்டி உயரம் பார்த்தார். "கஷ்கொட்டை மரப் பலகை ஒண்ணு கிடக்கு. அடிச்சுப் போட்டுடறேன். வீட்டை எடுங்க, எடுக்காமப் போங்க. எங்க மாமாவும் இங்கதான் உட்கார முடியாமத் திட்டிக்கிட்டே போவாரு" என்றார்.

சதுக்கத்தை அடைந்தபோது முப்பத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. வீட்டை அப்போதே பேசி முடித்தாள்.

திரும்பும் ரயில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்த பிறகு அவள் சொன்னாள்.

"நான் நடந்தது நடிப்பு. அவன் நடக்கிறது நிஜம். பாதி வழியில அவன் மாட்டிக்கிட்டா? எல்லார் முன்னாலயும்?"

அவள் கைத்தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

நீச்சல் குளம் இல்லை என்றதும் டெட்லெஃப் வாட்ஸப் குழுவில் மூன்று நாள் பேசாமல் இருந்தான். நான்காம் நாள், "குழாயை ரிப்பேர் பண்ணச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டான். ஹைனோ ஒரே வரி எழுதினான்: "வரேன்."

ஜூனில் போய் இறங்கினோம். முதல் நாள் ஹைனோ அத்திமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் நாளும். கெசீனா வெங்காயத்தைத் தேவைக்கு மேல் நறுக்கினாள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ஹைனோ தொப்பியைப் போட்டான், துணிப்பையைத் தோளில் மாட்டினான். ஃப்ராவ்கே செருப்பைத் தேடினாள்.

"யாரும் வர வேண்டாம்" என்றான்.

மொட்டைமாடியிலிருந்து அந்தச் சாலை முழுவதும் தெரியும். நாங்கள் எட்டுப் பேரும் கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சாய்ந்துகொண்டோம். கெசீனா கட்டுப்பாட்டு அறையில் இருப்பவள்போல் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

"மணி எட்டு ஒன்பது, நாற்காலி. உட்கார்ந்துட்டான். லோரெதானா வெளியே வர்றா. சிரிக்கிறா... எந்திரிச்சுட்டான். எட்டு பதினாறு."

தேவாலயத்தருகே நட்ஸரேனோ அடித்துப் போட்டிருந்த பலகையை ஒரு டிராக்டர் வந்து மறைத்தது. மறைத்தது மறைத்ததுதான், நகரவே இல்லை. "ஏன் எடுக்கமாட்டேங்கிறான்? அவனுக்கு வேற வேலை இல்லையா?" என்று டெட்லெஃப்தான் முதலில் கத்தினான். ஃப்ராவ்கே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். டிராக்டர் நகர்ந்தபோது பலகை காலியாக இருந்தது. சதுக்கத்தின் வாயிலில் ஒரு தொப்பி தெரிந்தது. அவ்வளவுதான்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பையில் ரொட்டி, ஒரு முனை கடிபட்டிருந்தது. ஃப்ராவ்கே ஓடிப்போய்ப் பையை வாங்கினாள். அவனோ மாடியை அண்ணாந்து பார்த்துக் கத்தினான்.

"மதில் மேல காக்கா மாதிரி எட்டுத் தலை! டிராக்டர்க்காரன்கூடக் கேக்கறான், அவங்கல்லாம் யாருன்னு. நான் என்ன ட்ராமா, நேரம் பார்த்துக்கிட்டு நிக்கறதுக்கு?"

டெட்லெஃப் விழுந்து விழுந்து சிரித்தான். கெசீனா சிரிக்கவில்லை. ரொட்டியின் கடிபட்ட முனையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அன்று மதியம் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணி. ஹைனோ தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். கைத்தடியின் சத்தம் முற்றத்தைக் கடந்து சாலையில் ஏறியது. மாடியில் கெசீனாவும் நானும் மட்டும் இருந்தோம். அவள் கழுத்து தானாகச் சாலைப் பக்கம் திரும்பியது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, என் பக்கமாக மேசையில் தள்ளி வைத்தாள். அது இல்லாமல் அவளுக்கு முற்றத்து வேலிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.