லண்டன் பூங்காவில் ஒரு புரட்டாதிச் சனி

லண்டனில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு எங்கள் ஊரான கனகராயன்குளத்துக்குத் திரும்பி இரண்டு வருடமாகிறது. அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் பூங்காவைத்தான் சொன்னேன். நகரத்தின் நடுவில் அவ்வளவு நிலத்தை ஒன்றும் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். அரசர்கள் மான் வேட்டையாடிய இடத்தில் இன்று எவரும் வந்து புல்லில் படுத்துக் கிடக்கலாம். வாடகைக்குக் கோடு போட்ட துணிக் கதிரை உண்டு. ஏரியில் கூழைக்கடா நிற்கும். எங்கள் குளத்துக்கும் அது வருகிறது, யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அங்கே அதைப் படம் பிடிக்க எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

இதெல்லாம் உண்மை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டுத்தான் சொல்லிவந்தேன்.

எனக்கு ஏழரைச் சனி என்று சாத்திரி சொன்னதால், என் மனைவி எனக்காகப் புரட்டாதிச் சனி விரதம் பிடித்தாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் என்ற நினைப்பு வேறு. காகம் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடலாம். மகளின் வீடு ஆறாம் மாடி. பல்கனியில் வைத்த சோறு காய்ந்து போனது, ஒரு குருவிகூட வரவில்லை. மகள் வேலைக்குப் போயிருந்தாள். நீரிழிவுக்காரி பட்டினி கிடக்கக் கூடாது என்று நான் சத்தம் போட்டேன். முந்திய கிழமை பூங்காவில் காகங்களைக் கண்டது அவளுக்கு நினைவு வந்தது. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

வாசலில் பெரிய பலகை இருந்தது. பறவைகளுக்கு உணவு போடக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் வாசித்தேன். அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் திரும்ப வேண்டியிருக்கும். எனக்கு ஏரிக்கரையில் உட்காரப் போட்டிருந்த மர வாங்கில் கொஞ்ச நேரம் இருக்க ஆசை. நீர் அந்த மரத்தடியில் வையும், நான் இதில் இருக்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

வாங்கில் என்னைவிட வயதான ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். இருவரும் கதைக்கத் தொடங்கினோம். எங்கே ஆங்கிலம் படித்தீர்கள் என்று கேட்டார். எங்கள் பேரப்பிள்ளைகளைவிடத் திருத்தமாகப் பேசுகிறீர்கள் என்றார். அந்தச் சொல்லில் நான் உப்பிப்போனேன். அப்போது அவர் மரத்தடியைக் காட்டினார். சேலைக்கு மேல் மகளின் தடித்த கம்பளிச் சட்டை, காலில் மகளின் சப்பாத்து. கடதாசித் தட்டில் சோற்றை வைத்துவிட்டு, மேலே பார்த்துக் கா, கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி. பலகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆட்கள் வாசிப்பதில்லை என்று சொல்லி அவர் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பூங்காக் காவலர் ஒருவர் அவளிடம் போய் ஏதோ கேட்டார். அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். அவர் எங்கள் வாங்குப் பக்கம் நடந்து வந்து, அந்த அம்மா உங்களோடு வந்தவரா என்று என்னிடம் கேட்டார். சிரித்த வாய் இன்னும் மூடவில்லை.

“நோ” என்றேன்.

அவர் அவளை அதட்டவில்லை. பையொன்றைக் கொண்டுவந்து சோற்றை அள்ளிப் போட்டார். இரண்டு காகங்கள் இறங்கிச் சற்றுத் தள்ளி நின்றன, ஒரு பருக்கைகூடக் கொத்தவில்லை. அவள் வெறும் பெட்டியை மூடிக்கொண்டு, என் வாங்குக்கு வராமல், பின்பக்கப் பாதையால் வாசலுக்கு நடந்தாள். நான் எழுந்து போகவில்லை. எழுந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு விளங்கிவிடும் என்று இன்னும் பத்து நிமிடம் இருந்து கதைத்தேன். அந்த ஒரு சொல்லையாவது வாய் தவறியது என்று சமாளிக்கலாம். பத்து நிமிடத்தை என்னவென்று சொல்வது?

வாசலுக்கு வெளியே இரும்பு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாங்கோ போவம் என்றாள், அவ்வளவுதான். பின்னேரம் வந்த மகள் காகம் சாப்பிட்டதா என்று கேட்க, ஓம் என்றாள். ஆனால் வயிறு சரியில்லை என்று சொல்லி அன்றைக்குத் தேத்தண்ணீரோடு படுத்துவிட்டாள். தூரத்தில் நின்றவளுக்கு, அதுவும் ஆங்கிலத்தில், என்ன கேட்டிருக்கப் போகிறது என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

போன மாதம் அயல்வீட்டுப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். நான் துணிக் கதிரையையும் கூழைக்கடாவையும் சொல்லி முடிக்க, அக்கா, நீங்களும் போனனீங்களோ என்று மனைவியைக் கேட்டாள்.

“போனனான் பிள்ளை. இவர் அங்க வேற ஆக்களோட இருந்தவர்.”

அயல்வீட்டுக்காரி பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். அவள் போனபிறகு, கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்த மனைவியின் பின்னால் போய் நின்றேன்.

“இஞ்சரும், அண்டைக்கு உம்மைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்.”

“தெரியும். நோ எண்டால் எனக்கும் விளங்கும்.”

“ஏன் அப்பவே கேக்கேல்ல?”

“கேட்டால் அதையும் இல்லையெண்டு சொல்லியிருப்பியள். பிறகு மகளின்ர வீட்டில மிச்சம் ஒரு மாசம் என்னெண்டு இருக்கிறது?”

உடுப்புகளை மடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் அலுமாரியில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கேட்டவர்களுக்கெல்லாம் இனி முழுவதையும் சொல்வதுதான் நேர்மை என்று எனக்குப் பட்டது. அடுத்த கிழமை, முன்பு என்னோடு படிப்பித்த ஒருவர் நெடுங்கேணியிலிருந்து வந்தார். அவரிடம் பலகை, சிரிப்பு, நோ, பத்து நிமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது போல இருந்தது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும்வரை மனைவி குசினி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

பிறகு வந்து, “என்னை ஏன் திருப்பியும் அந்தப் புல்லில கொண்டுபோய் நிப்பாட்டுறியள்?” என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது.